ஓய்வுகாலச் சேமிப்பும் கடல் கடந்த வங்கிகளும்: வட்டி வீதத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

உழைக்கும் வயதிலுள்ள ஒருவர் தமது சேமிப்பை இழக்க நேர்ந்தால் அது பெருந்துயரமே. எனினும், மீண்டும் உழைத்து அதனை ஓரளவேனும் ஈடுசெய்துகொள்ளும் வாய்ப்பு அவருக்கு உண்டு. ஓய்வு பெற்றவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. முப்பது நாற்பது ஆண்டு கால உழைப்பின் பயன் வங்கிக் கணக்கொன்றில் ஓர் இலக்கமாக இருக்கின்றது. அந்த இலக்கம் அழிந்தால் அவரது மருந்துச் செலவும் வீட்டு வாடகையும் பிள்ளைகளிடம் கையேந்தாமல் வாழும் மதிப்பும் சேர்ந்தே அழிகின்றன. அதிலும், பிறந்த நாட்டில் அல்லாது வேறொரு நாட்டில் வசித்துக்கொண்டு, மூன்றாவது நாடொன்றின் வங்கியில் பணத்தை வைத்திருப்பவரின் நிலை மேலும் சிக்கலானது. வங்கி முறிந்தால் எந்த நாட்டு அரசாங்கத்தின் கதவைத் தட்டுவது என்பதே அவருக்குத் தெரிவதில்லை.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் டோஹாவிலும் ரியாத்திலும் நீண்ட காலம் உழைத்துவிட்டு ஓய்வு பெறும் எமது மக்களின் தொகை ஆண்டுதோறும் அதிகரித்து வருகின்றது. அவர்களில் பலர் உழைத்த நாட்டில் ஒரு கணக்கையும் தாயகத்தில் ஒரு கணக்கையும் வைத்திருக்கின்றனர். சிலருக்கு இவை இரண்டுக்கும் வெளியே, 'கரை கடந்த' வங்கி என அழைக்கப்படும் தீவு வங்கிகளிலிருந்து விளம்பரங்கள் வருகின்றன. எந்த வங்கி பாதுகாப்பானது என்ற கேள்விக்கு ஒரு பெயரை விடையாகக் கூறுவது பொறுப்பான செயலாகாது. ஆனால், கடந்த கால முறிவுகள் அனைத்தும் ஒரே சில கேள்விகளையே மீண்டும் மீண்டும் எழுப்பியுள்ளன. பணத்தை வைப்பிலிடுவதற்கு முன்னர் அக்கேள்விகளைக் கேட்டவர்கள் தப்பினர். கேளாதவர்கள் தவித்தனர்.

ஒரே வாரம், நான்கு விதிகள்

2008 ஒக்டோபர் மாதத்தின் முதலிரு வாரங்கள் இவ்விடயத்தில் ஒரு பாடநூலுக்கு ஒப்பானவை. அப்போது ஏறத்தாழ மூன்று இலட்சத்து இருபதாயிரம் மக்களைக் கொண்டிருந்த ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளான லாண்ட்ஸ்பாங்கி, கிளிட்னிர், கௌப்திங் ஆகியன சில நாட்களுக்குள் அடுத்தடுத்துச் சரிந்தன. அந்நாட்டின் மொத்தத் தேசிய உற்பத்தியைப் போலப் பல மடங்கு பெரிதாக அவ்வங்கிகள் வளர்ந்திருந்தன. அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் வல்லமை ஐஸ்லாந்து அரசாங்கத்திடம் இருக்கவில்லை.

இவ்வங்கிகள் பிரித்தானியாவிலும் அதனைச் சூழ்ந்த தீவுகளிலும் பெருந்தொகை வைப்புகளைத் திரட்டியிருந்தன. லாண்ட்ஸ்பாங்கி வங்கி 2006 ஆம் ஆண்டு முதல் 'ஐஸ்சேவ்' என்ற பெயரில் இணையவழிச் சேமிப்புக் கணக்கைப் பிரித்தானியாவில் நடத்தியது. கௌப்திங் வங்கி 'கௌப்திங் எட்ஜ்' என்ற பெயரில் அதே போன்ற கணக்கொன்றை அறிமுகப்படுத்தியது. ஐல் ஒஃப் மான் தீவிலும் கேர்ன்சி தீவிலும் இவ்விரு வங்கிகளுக்கும் துணை நிறுவனங்கள் இருந்தன.

இனி, அவ்வங்கிகளில் பணம் வைத்திருந்த நான்கு சாராருக்கு நேர்ந்ததைக் கவனிப்போம்.

முதலாமவர், பிரித்தானியாவில் கௌப்திங் எட்ஜ் கணக்கு வைத்திருந்தோர். அக்கணக்கு பிரித்தானியாவில் அனுமதி பெற்ற துணை நிறுவனமொன்றின் கீழ் இருந்தது. அவர்களது வைப்புகள் முழுமையாக ஐ.என்.ஜி. டிரெக்ட் என்ற வேறொரு வங்கிக்கு மாற்றப்பட்டன. எவரும் ஒரு சதமும் இழக்கவில்லை.

இரண்டாமவர், ஐஸ்சேவ் கணக்கு வைத்திருந்தோர். அது ஐஸ்லாந்து வங்கியின் கிளையே அன்றித் தனி நிறுவனம் அன்று. ஆகவே, அதன் முதன்மைப் பாதுகாப்பு ஐஸ்லாந்தின் வைப்புக் காப்புறுதி நிதியத்திடமே இருந்தது. அது உறுதியளித்த ஆகக்குறைந்த தொகை ஒருவருக்கு 20,887 யூரோவாகும். அத்தொகையைக் கொடுப்பதற்கும் அந்நிதியத்திடம் பணம் இருக்கவில்லை. அரசியல் நெருக்கடியை உணர்ந்த பிரித்தானிய அரசாங்கம் தானே முன்வந்து தனிப்பட்ட வைப்பாளர்களுக்கு முழுத் தொகையையும் வழங்கியது. பின்னர் அதனை ஐஸ்லாந்திடம் கோரியபோது, ஐஸ்லாந்து மக்கள் 2010 இலும் 2011 இலும் நடைபெற்ற இரு சர்வஜன வாக்கெடுப்புகளில் அதற்கு மறுப்புத் தெரிவித்தனர். 2013 ஜனவரியில் ஐரோப்பிய சுதந்திர வர்த்தகச் சங்கத்தின் நீதிமன்றமும் ஐஸ்லாந்துக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. ஒரு நாட்டின் காப்புறுதி நிதியம் வெறுமையானால் அந்நாட்டு அரசாங்கம் அதனை நிரப்பியே ஆக வேண்டும் என எவரும் நம்பியிருக்க முடியாது என்பதை இத்தீர்ப்பு உணர்த்தியது.

மூன்றாமவர், ஐல் ஒஃப் மான் தீவின் கௌப்திங் துணை நிறுவனத்தில் பணம் வைத்திருந்தோர். சுமார் பத்தாயிரம் பேரான இவர்களில் கணிசமானோர் ஸ்பெயினிலும் பிற நாடுகளிலும் வாழ்ந்த ஓய்வு பெற்ற பிரித்தானியர் ஆவர். அத்தீவின் வங்கி தனது பணத்தின் பெரும் பகுதியை இலண்டனிலிருந்த தனது சகோதர நிறுவனத்திடம் வைத்திருந்தது. இலண்டன் நிறுவனம் நிர்வாகிகளின் கைக்குச் சென்றதும் தீவு வங்கியும் செயலிழந்தது. ஒருவருக்கு 15,000 பவுணாக இருந்த தீவின் இழப்பீட்டு எல்லையை அங்குள்ள சட்டசபை அந்நெருக்கடியின் நடுவே 50,000 பவுணாக உயர்த்தியது. அதற்கு மேற்பட்ட தொகைக்கு வைப்பாளர்கள் பல ஆண்டுகள் தவணை தவணையாகக் காத்திருக்க நேர்ந்தது.

நான்காமவர், கேர்ன்சி தீவின் லாண்ட்ஸ்பாங்கி துணை நிறுவனத்தில் பணம் வைத்திருந்தோர். அத்தீவில் அன்று வைப்புக் காப்புறுதித் திட்டமே இருக்கவில்லை. அவ்வாறான திட்டமொன்று 2008 நவம்பரில், அதாவது வங்கி வீழ்ந்த மறுமாதத்திலேயே, ஏற்படுத்தப்பட்டது. அது பழைய வைப்பாளர்களுக்குப் பயன்படவில்லை.

நால்வரும் ஒரே நாட்டு வங்கிகளை நம்பியவர்கள். நால்வரது கணக்கும் ஸ்ரேலிங் பவுணிலேயே இருந்தது. எனினும், கணக்குப் புத்தகத்தின் அடியில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்த சட்ட முகவரியே அவர்களது தலைவிதியைத் தீர்மானித்தது.

அவர்கள் ஏன் தீவுகளை நாடினர்?

இவர்களைப் பேராசைக்காரர் எனக் கூறிவிடுவது எளிது. அது நியாயமன்று. பிரித்தானியாவுக்கு வெளியே வசிப்பவருக்கு அங்குள்ள வங்கிகள் புதிய கணக்குகளைத் திறந்து கொடுப்பது அரிது. உள்நாட்டு முகவரிக்கான சான்றை அவை கோருகின்றன. தீவு வங்கிகளோ வெளிநாடுகளில் வசிப்போரையே வாடிக்கையாளராக வரவேற்றன. ஆங்கில மொழி, அறிமுகமான சட்ட மரபு, பல நாணயங்களில் கணக்கு, வட்டியில் மூலத்திலேயே வரி கழிக்கப்படாமை ஆகியன அவர்களை ஈர்த்தன.

இதில் கவனிக்க வேண்டிய மற்றொரு விடயமும் உண்டு. ஐல் ஒஃப் மான், கேர்ன்சி தீவுகளில் சிக்கிக்கொண்டவர்களில் பலர் ஐஸ்லாந்து வங்கியைத் தாமாகத் தேடிச் சென்றவர்கள் அல்லர். அவர்கள் டேர்பிஷயர், செஷயர் ஆகிய பழைமை வாய்ந்த ஆங்கிலக் கட்டடச் சங்கங்களின் தீவுக் கிளை நிறுவனங்களிலேயே பணத்தை வைத்திருந்தனர். 2006, 2007 ஆம் ஆண்டுகளில் அந்நிறுவனங்கள் ஐஸ்லாந்து வங்கிகளுக்கு விற்கப்பட்டன. வைப்பாளர் அசையாதிருக்க, வங்கி கைமாறியது. ஆகவே, ஒரு முறை விசாரித்து வங்கியைத் தெரிவு செய்தால் போதும் என்ற எண்ணம் தவறானது. வங்கியிடமிருந்து வரும் 'உரிமை மாற்றம்' பற்றிய கடிதத்தைக் குப்பைக் கூடையில் இடாது வாசிப்பது ஓய்வு பெற்றவரின் கடமைகளில் ஒன்றாகும்.

கிளையா, துணை நிறுவனமா?

முதற் கேள்வி இதுவே. வெளிநாட்டு வங்கியொன்று இன்னொரு நாட்டில் இரு விதமாகத் தொழில் நடத்தலாம். கிளையாக இருந்தால் அது தாய் வங்கியின் ஓர் உறுப்பு. தாய் வங்கி வீழ்ந்தால் கிளையும் வீழும். துணை நிறுவனமாக இருந்தால் அது செயற்படும் நாட்டிலேயே பதிவு செய்யப்பட்ட தனி நிறுவனம். அதற்கெனத் தனி மூலதனமும், அந்நாட்டு மத்திய வங்கியின் மேற்பார்வையும், பெரும்பாலும் அந்நாட்டுக் காப்புறுதியும் உண்டு.

2013 மார்ச்சில் சைப்பிரஸ் நாட்டின் வங்கிகள் வீழ்ந்தபோது இவ்வேறுபாடு மீண்டும் வெளிப்பட்டது. அந்நாட்டின் இரண்டாவது பெரிய வங்கியான லைக்கி மூடப்பட்டது. 100,000 யூரோவுக்கு மேற்பட்ட அதன் வைப்புகள் முடக்கப்பட்டன. முதலாவது வங்கியான பாங்க் ஒஃப் சைப்பிரஸில், அவ்வெல்லைக்கு மேற்பட்ட தொகையின் 47.5 சதவீதம் வங்கியின் பங்குகளாக மாற்றப்பட்டது. நாடு முழுவதும் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வங்கிகள் மூடிக் கிடந்தன. பணத்தை நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் 2015 ஏப்ரல் வரை நீடித்தன. வெயிலையும் குறைந்த வாழ்க்கைச் செலவையும் நாடி அங்கு குடியேறியிருந்த ஓய்வு பெற்ற பிரித்தானியரும் இதனால் பாதிக்கப்பட்டனர்.

அதே வேளை, பிரித்தானியாவில் இருந்த பாங்க் ஒஃப் சைப்பிரஸ் ஒரு துணை நிறுவனம். அதன் வைப்பாளர்களுக்குப் பாதிப்பு ஏதும் ஏற்படவில்லை. லைக்கி வங்கியோ அங்கு கிளையாகவே இயங்கியது. அதன் வைப்பாளர்கள் பெரும் அச்சத்துக்கு உள்ளாகி, 2013 ஏப்ரல் முதலாம் திகதி அந்தத் துணை நிறுவனத்துக்கு மாற்றப்பட்ட பின்னரே மூச்சு விட்டனர்.

இன்னொரு பாடமும் சைப்பிரஸில் கிடைத்தது. ஆரம்பத்தில் முன்வைக்கப்பட்ட திட்டம், 100,000 யூரோவுக்குக் குறைந்த, காப்புறுதி செய்யப்பட்ட வைப்புகளிலும் 6.75 சதவீதத்தை அறவிடுவதாக இருந்தது. பாராளுமன்றம் அதனை நிராகரித்தமையால் சிறு வைப்பாளர் தப்பினர். நெருக்கடி வேளையில் சட்டம் தந்த வாக்குறுதியையும் அரசியல் அசைத்துப் பார்க்கும் என்பதை மறத்தலாகாது.

காப்புறுதியின் அளவும் அதன் பின்னால் உள்ள பலமும்

இரண்டாவது கேள்வி, வைப்புக் காப்புறுதி எவ்வளவு என்பதாகும். பிரித்தானியாவில் ஒருவருக்கு ஒரு வங்கியில் 85,000 பவுணாக இருந்த எல்லை 2025 டிசம்பர் முதல் 120,000 பவுணாக உயர்த்தப்பட்டுள்ளது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அது 100,000 யூரோ. அமெரிக்காவில் 250,000 டொலர். அவுஸ்திரேலியாவில் 250,000 அவுஸ்திரேலிய டொலர். கனடாவின் தேசிய காப்புறுதிக் கூட்டுத்தாபனம் ஒவ்வொரு வகைக் கணக்குக்கும் 100,000 கனேடிய டொலர் வரை பொறுப்பேற்கின்றது. 2024 இல் சிங்கப்பூர் தனது எல்லையை 100,000 சிங்கப்பூர் டொலராகவும், ஹொங்கொங் 800,000 ஹொங்கொங் டொலராகவும் உயர்த்தின. ஐல் ஒஃப் மான், ஜேர்சி, கேர்ன்சி தீவுகளின் திட்டங்களில் 2008, 2009 ஆம் ஆண்டுகளில் 50,000 பவுண் என்ற எல்லை நிர்ணயிக்கப்பட்டது. இவ்வெல்லைகள் காலத்துக்குக் காலம் மாறுவன. பணத்தை வைப்பிலிடும் நாளில் அந்தந்தக் காப்புறுதி நிறுவனத்திடமிருந்தே அவற்றை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஆனால், எல்லையின் அளவு மட்டும் போதாது. அதனோடு நான்கு விடயங்களை நோக்க வேண்டும்.

ஒன்று, எல்லை கணக்குக்கு அன்று, அனுமதிப்பத்திரத்துக்கே உரியது. பிரித்தானியாவில் ஹலிஃபக்ஸ், பாங்க் ஒஃப் ஸ்கொட்லாந்து ஆகிய இரு பெயர்களும் ஒரே அனுமதிப்பத்திரத்தின் கீழ் உள்ளன. இரண்டிலும் பணத்தைப் பிரித்து வைத்தவர் உண்மையில் ஒரே கூடையிலேயே முட்டைகளை வைத்திருக்கின்றார்.

இரண்டு, நாணயம். சிங்கப்பூரின் காப்புறுதி சிங்கப்பூர் டொலர் வைப்புகளுக்கு மட்டுமே உரியது. அங்கு அமெரிக்க டொலரில் வைப்பிட்டவருக்கு அது கிடையாது. ஹொங்கொங்கும் பிரித்தானியாவும் வெளிநாட்டு நாணய வைப்புகளையும் உள்ளடக்குகின்றன. கனடா 2020 முதல் அவ்வாறு செய்கின்றது.

மூன்று, வதிவிடம். பிரித்தானியத் திட்டம் வைப்பாளர் எங்கே வசிக்கின்றார் என்பதைப் பார்ப்பதில்லை. வங்கி எங்கே அனுமதி பெற்றது என்பதையே பார்க்கின்றது. ஆகவே, அங்கு உழைத்து ஓய்வு பெற்று யாழ்ப்பாணத்திலோ காத்தான்குடியிலோ வசிப்பவரின் பிரித்தானியக் கணக்கும் அப்பாதுகாப்பைப் பெறும். ஆனால், அதே வங்கியின் தீவுக் கிளையில் அவர் கணக்கு வைத்திருந்தால் அது வேறு கதை.

நான்கு, பணம் எங்கிருந்து வரும் என்பது. சில நாடுகளில் முற்கூட்டியே நிதி சேர்க்கப்பட்டுள்ளது. சில இடங்களில் வங்கி வீழ்ந்த பின்னரே ஏனைய வங்கிகளிடமிருந்து அறவிடப்படுகின்றது. ஜேர்சி, கேர்ன்சி திட்டங்கள் ஐந்தாண்டு காலத்தில் 100 மில்லியன் பவுண் என்ற மொத்த உச்சவரம்புடன் அமைக்கப்பட்டன. சிறிய வங்கியொன்று வீழ்ந்தால் அது போதுமானதாகலாம். பெரிய வங்கியொன்று வீழ்ந்தால் ஒவ்வொருவரதும் பங்கு சுருங்கும்.

நாணயம் வீழ்ந்தால் காப்புறுதியும் வீழும்

மூன்றாவது கேள்வி, அந்நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றியது. இதற்கு லெபனானை விடக் கசப்பான உதாரணம் இல்லை. வளைகுடாவிலும் ஆபிரிக்காவிலும் அமெரிக்காவிலும் உழைத்த இலட்சக்கணக்கான லெபனானியர் தமது டொலர்களைப் பெய்ரூட் வங்கிகளுக்கே அனுப்பினர். உலகில் வேறெங்கும் கிடைக்காத வட்டி டொலர் வைப்புகளுக்கு அங்கு வழங்கப்பட்டது. அவ்வங்கிகள் அந்தப் பணத்தை மத்திய வங்கிக்கும் அரசாங்கத்துக்கும் கடனாகக் கொடுத்திருந்தன. 2019 ஒக்டோபரில் மக்கள் எழுச்சி வெடித்தபோது வங்கிகள் கதவுகளை மூடின. பின்னர் திறந்தபோது டொலர்கள் கணக்கில் இருந்தன, கையில் கிடைக்கவில்லை. தமது சொந்தப் பணத்தைப் பெறுவதற்காக 2022 இல் சிலர் துப்பாக்கியுடன் வங்கிகளுக்குள் நுழைந்த செய்திகளை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அங்கும் வைப்புக் காப்புறுதி இருந்தது. 2020 இல் அதன் எல்லை 75 மில்லியன் லெபனான் பவுணாக உயர்த்தப்பட்டது. டொலர் ஒன்றுக்கு 1,507.5 பவுண் என்ற பழைய வீதத்தில் அது ஏறத்தாழ 50,000 டொலர். பின்னர் நிலவிய 89,500 பவுண் என்ற வீதத்தில் அதன் பெறுமதி 840 டொலருக்கும் குறைவு. காப்புறுதி மீறப்படவில்லை. அதன் பொருளே இல்லாமற்போயிற்று.

எமது நாட்டு வாசகர்களுக்கு இது அந்நியமான அனுபவமன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலரின் விலை மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியதையும், அவ்வாண்டு ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்தியதையும் நாம் கண்டோம். இலங்கையில் 2010 இல் ஆரம்பிக்கப்பட்ட வைப்புக் காப்புறுதித் திட்டம் 2021 முதல் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரை பாதுகாப்பளிக்கின்றது. 2020 இல் த ஃபினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரம் இரத்துச் செய்யப்பட்டபோது, அன்று நடைமுறையிலிருந்த 6 இலட்சம் ரூபா என்ற எல்லைக்குள் வைப்பாளர்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. பல்லாண்டு வெளிநாட்டு உழைப்பைக் கொண்டுவந்து ஒரே நிறுவனத்தில் இடுபவர், இவ்வெல்லை தமது வைப்பின் எத்தனையில் ஒரு பங்கு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று.

அதிக வட்டி ஓர் அறிவித்தல்

நான்காவது கேள்வி மிக எளிமையானது. ஏனைய வங்கிகள் கொடுக்க முடியாததை இவ்வங்கி மட்டும் எவ்வாறு கொடுக்கின்றது?

2008 ஆம் ஆண்டில் இலண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் ஹெலிகொப்டரில் வந்திறங்கி, 20 மில்லியன் டொலர் பரிசுப் போட்டியொன்றை அறிவித்த அலன் ஸ்டான்போர்டைக் கிரிக்கெட் இரசிகர்கள் அறிவர். கரிபியன் தீவான அன்ரிகுவாவில் இயங்கிய அவரது வங்கி, சந்தை வீதத்தை விட உயர்ந்த வட்டியுடன் வைப்புச் சான்றிதழ்களை விற்றது. வாங்கியோரில் அமெரிக்காவினதும் இலத்தீன் அமெரிக்காவினதும் ஓய்வு பெற்றோர் ஏராளம். 2009 பெப்ரவரியில் அமெரிக்க அதிகாரிகள் அது பல பில்லியன் டொலர் மோசடி எனக் குற்றஞ்சாட்டினர். 2012 இல் அவருக்கு 110 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை கிடைத்தது. முழுப் பணமும் கிடைக்கவில்லை. இழந்தவர்களில் பலர் வழக்கின் முடிவைக் காணாமலே கண்மூடினர்.

'வைப்பு' என்ற சொல்லைப் பயன்படுத்தும் ஒவ்வொரு பத்திரமும் வங்கி வைப்பு அன்று. 2023 மார்ச்சில் சுவிற்சர்லாந்தின் கிறெடிட் சுவிஸ் வங்கி வீழ்ச்சியின் விளிம்புக்கு வந்து யு.பி.எஸ். வங்கியால் கையேற்கப்பட்டபோது, வைப்பாளர்கள் எதனையும் இழக்கவில்லை. ஆனால், அவ்வங்கியே வெளியிட்டிருந்த ஒரு வகைப் பிணைமுறிகளில் 16 பில்லியன் சுவிஸ் பிராங் பூச்சியமாக்கப்பட்டது. ஒரே கட்டடத்தில் ஒரே முத்திரையுடன் விற்கப்பட்ட இரு பத்திரங்களுக்கு இரு கதி நேர்ந்தது. எமது நாட்டில் 2008 டிசம்பரில் கோல்டன் கீ நிறுவனம் வீழ்ந்தபோதும் இதே பாடம் கிடைத்தது. அது மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கியல்ல என்பதைப் பல வைப்பாளர்கள் அதன் பின்னரே அறிந்தனர்.

நம்மவர் வங்கி என்ற நம்பிக்கை

ஐந்தாவது கேள்வியைக் கேட்பது சற்றுச் சங்கடமானது. இனம், மதம், மொழி என்ற உறவின் காரணமாக ஒரு வங்கியை நம்புகின்றோமா?

பாகிஸ்தானியரான ஆகா ஹசன் அபேதி 1972 இல் நிறுவிய பி.சி.சி.ஐ. வங்கி, மேற்குலக வங்கிகள் மதிக்காத தெற்காசிய, அரபு, ஆபிரிக்க வணிகர்களை மதித்து வரவேற்றது. அபுதாபியின் ஆட்சியாளர்கள் அதன் பெரும் பங்குதாரர்களாக இருந்தனர். ஆகவே, அது மூன்றாம் உலகின் வங்கி என்ற பெருமிதம் பலரிடம் நிலவியது. ஆனால், அது பதிவு செய்யப்பட்டிருந்தது லக்சம்பேர்க்கிலும் கேமன் தீவுகளிலும். நடத்தப்பட்டது இலண்டனிலிருந்து. முழு வங்கியையும் மேற்பார்வை செய்த அதிகாரி என எவரும் இருக்கவில்லை. பாரிய மோசடிகள் அம்பலமாகி 1991 ஜூலை 5 ஆம் திகதி அது மூடப்பட்டபோது, பிரித்தானியாவின் தெற்காசியச் சிறு வணிகர்கள் பலர் ஒரே நாளில் நிர்க்கதியாயினர். அன்றைய பிரித்தானியக் காப்புறுதி, முதல் 20,000 பவுணின் 75 சதவீதத்துக்கு மட்டுமே உரியதாக இருந்தது. எஞ்சிய தொகையின் கணிசமான பகுதி கலைப்பாளர்களால் மீட்கப்பட்ட போதிலும் அதற்கு இருபது ஆண்டுகள் வரை சென்றன. அறுபது வயதில் பணத்தை இழந்தவருக்கு எண்பது வயதில் கிடைக்கும் தொகை நியாயமாக இருக்கலாம். ஆறுதலாக இருக்க முடியாது.

இதன் பொருள், மார்க்க நெறிக்கு அமைந்த வங்கியைத் தெரிவு செய்யக்கூடாது என்பதல்ல. வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் வாசகர் இதே கேள்விகளை அங்கும் கேட்கலாம் என்பதே. பிரித்தானியாவில் 2004 இல் அனுமதி பெற்ற முதலாவது இஸ்லாமிய வங்கியின் விடயத்தில் ஒரு சுவையான சிக்கல் எழுந்தது. இலாப நட்டப் பங்கீட்டு முறையில் வைப்பாளர் நட்டத்தையும் ஏற்க வேண்டும். பிரித்தானியச் சட்டமோ வைப்பு முழுமையாகத் திருப்பித் தரப்பட வேண்டும் என்கின்றது. இறுதியில், சட்டப்படி முழுத் தொகையையும் பெறும் உரிமை வைப்பாளருக்கு உண்டு, மார்க்கக் காரணத்துக்காக அதனை ஏற்காது விடும் சுதந்திரமும் அவருக்கு உண்டு என்ற தீர்வு எட்டப்பட்டது. பாதுகாப்பும் மார்க்கமும் முரண்பட வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல முன்னுதாரணம். ஆனால், 'முதலீட்டுக் கணக்கு' என்ற பெயரில் வழங்கப்படுவது வைப்புக் காப்புறுதிக்கு உட்பட்டதா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவது அவசியம்.

முதுமையும் மரணமும்

ஆறாவது கேள்வியைப் பலர் கேட்க விரும்புவதில்லை. நான் நோயுற்றால் அல்லது இறந்தால் இப்பணத்தை யார், எவ்வாறு பெறுவர்?

வெளிநாட்டு வங்கியொன்று கணக்காளரின் மரணத்தின் பின்னர் தனது நாட்டு நீதிமன்றத்தின் உரித்துச் சான்றைக் கோரக்கூடும். ஊரிலுள்ள மனைவி, அறியாத நாடொன்றின் சட்டத்தரணிக்குக் கட்டணம் செலுத்திக் காத்திருக்க நேரும். கணவன் மனைவி இருவரது பெயரிலும் கூட்டுக் கணக்கு வைத்திருப்பது பல நாடுகளில் இச்சிரமத்தைக் குறைக்கும். பிரித்தானியா போன்ற இடங்களில் அது காப்புறுதி எல்லையையும் இரட்டிப்பாக்கும். கணக்குகளின் விபரத்தைப் பிள்ளைகளில் ஒருவரேனும் அறிந்திருக்க வேண்டும். கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கம் இன்றி இணைய வங்கியைத் திறக்க முடியாத காலம் இது. பழைய வெளிநாட்டு இலக்கத்தைக் கைவிட்டு ஊர் திரும்பியவர் தமது கணக்குக்குத் தாமே அந்நியராகிவிடுகின்றார்.

இரகசியம் என்ற பழைய கவர்ச்சியும் இப்போது இல்லை. 2017 முதல் பல நாடுகளின் வரி அதிகாரிகள், தத்தம் நாட்டில் கணக்கு வைத்திருக்கும் வெளிநாட்டவர் பற்றிய விபரங்களை ஒருவருக்கொருவர் தாமாகவே பரிமாறிக்கொள்கின்றனர். வசிக்கும் நாட்டின் வரிச் சட்டத்துக்கு மறைத்து வைக்கும் பணம், வங்கி வீழ்ந்தால் உரிமை கோரவும் அஞ்ச வேண்டிய பணமாகிவிடும்.

செய்யக்கூடியவை

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு சில நடைமுறை முடிவுகளுக்கு வரலாம்.

அன்றாடச் செலவுக்கான பணம் வசிக்கும் நாட்டின் வங்கியில், அந்நாட்டு நாணயத்தில் இருக்கட்டும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் தேவையான தொகையும் எளிதில் எட்டக்கூடிய இடத்தில் இருத்தல் வேண்டும். எஞ்சிய சேமிப்பை ஒரே வங்கியில் குவிக்காது, காப்புறுதி எல்லைக்குள் அடங்குமாறு வெவ்வேறு அனுமதிப்பத்திரங்களின் கீழ், இயலுமாயின் இரு நாடுகளில் பிரித்து வைக்கலாம். ஆனால், ஆறேழு வங்கிகளில் பிரித்துவிட்டு அவற்றை நினைவில் வைத்திருக்க முடியாமற்போவதும் ஓர் ஆபத்தே.

வங்கியின் முகவரோ ஆலோசகரோ வாயால் கூறுவதை ஏற்காது, மூன்று விபரங்களை எழுத்தில் பெறவேண்டும். எனது வைப்பை ஏற்கும் நிறுவனத்தின் முழுச் சட்டப் பெயர் என்ன? அதற்கு அனுமதிப்பத்திரம் வழங்கிய நாடு எது? எந்தக் காப்புறுதித் திட்டம், எந்த நாணயத்தில், எவ்வளவு தொகைக்குப் பொறுப்பு? இதன் பின்னர், அனுமதிப்பத்திரம் வழங்கிய அதிகாரசபையின் பகிரங்கப் பதிவேட்டில் அப்பெயர் உள்ளதா எனத் தாமே சரிபார்க்க வேண்டும். வங்கி தந்த தொலைபேசி இலக்கத்தில் விசாரிப்பது சரிபார்த்தல் ஆகாது. இம்மூன்றுக்கும் தெளிவான விடை தர இயலாத நிறுவனத்திடம் நான்காவது கேள்வியைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

வீடு விற்ற பணமோ ஓய்வூதியத்தின் மொத்தத் தொகையோ ஒரே நாளில் கைக்கு வரும்போதே ஆபத்து அதிகம். பிரித்தானியா போன்ற சில நாடுகளில் இவ்வாறு வரும் தொகைகளுக்கு ஆறு மாதங்கள் வரை உயர்ந்த எல்லை வழங்கப்படுகின்றது. அந்த அவகாசத்தைப் பயன்படுத்தி நிதானமாகப் பிரித்து வைக்க வேண்டும்.

இலங்கைக்குத் திரும்புவோர் வெளிநாட்டு நாணயத்தைத் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்குகளில் வைத்திருக்கலாம். வெளிநாட்டுக் கணக்கைத் தொடர்ந்து பேணுவது பற்றிய விதிகளை, திரும்பிய பின்னரன்றித் திரும்புவதற்கு முன்னரே அனுமதி பெற்ற வணிக வங்கியொன்றில் எழுத்து மூலம் கேட்டறிவது உகந்தது.

இளமையில் பணத்தைப் பெருக்குவது அறிவுடைமையாக இருக்கலாம். முதுமையில் அதனை இழக்காதிருப்பதே அறிவுடைமை. அரை சதவீத அதிக வட்டிக்காக ஓர் ஆயுள் கால உழைப்பைப் பணயம் வைப்பதா என்பதை ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். 2008 இல் தீவுகளின் வங்கிக் கதவுகளுக்கு முன்னால் நின்ற முதியவர்கள் முட்டாள்கள் அல்லர். ஆசிரியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் தாதியராகவும் உழைத்துச் சேர்த்தவர்களைப் போன்றோரே அவர்கள். கேட்கவேண்டிய கேள்விகளை அவர்களுக்கு முன்கூட்டியே எவரும் எடுத்துக் கூறவில்லை. அவர்கள் கொடுத்த விலையில் நாம் பெறும் இப்பாடத்தை எமது முதியோர் மீண்டுமொரு முறை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.